சுண்ணாம்பும் ஈய வெள்ளையும்: ஒரு பெயிண்டர் மேஸ்திரி கேட்ட கேள்வி

வீட்டுக்குப் பெயிண்ட் அடிப்பது என்றால் இன்று நாம் யோசிப்பது இரண்டே விஷயம்தான். என்ன நிறம், எவ்வளவு செலவு. அந்த டப்பாவுக்குள் என்ன இருக்கிறது, ஏற்கெனவே சுவரிலும் கதவிலும் என்ன இருக்கிறது என்று யாரும் கேட்பதில்லை. கேட்டிருந்தால் பல பெயிண்டர்கள் இன்னும் கொஞ்ச காலம் நன்றாக இருந்திருப்பார்கள். இந்தக் கட்டுரை அதைப் பற்றியது. கடைசியில் சில நடைமுறை யோசனைகளும் உண்டு. அவை என்னுடையவை அல்ல, நாற்பத்தைந்து வருஷம் சாரத்தில் நின்ற ஒருவருடையவை.

என்னைப் பற்றி ஒரு வரி. பிரெஞ்சுக்காரர்கள் 1954 நவம்பர் 1-ஆம் தேதி புதுச்சேரி நிர்வாகத்தை ஒப்படைத்தபோது எனக்கு நான்கு வயது. நிர்வாகம் மாறினாலும் எங்கள் வகுப்பறை மாறவில்லை. கணக்கு, பூகோளம், விஞ்ஞானம் எல்லாமே பிரெஞ்சில்தான் படித்தோம். பிறகு அரசு வேலையில் கிளார்க்காகச் சேர்ந்து, ஆங்கிலக் கோப்புகளோடு முப்பத்தாறு வருஷம் ஓட்டினேன். பள்ளியில் படித்த பிரெஞ்சு வயிற்றுப்பாட்டுக்குப் பெரிதாக உதவவில்லை. ஓய்வுக்குப் பிறகு பழைய புத்தகம் படிக்க உதவுகிறது.

சுண்ணாம்பு என்னும் கல்

எங்கள் பள்ளியில் சுண்ணாம்பு நீருக்கு 'லே தெ ஷோ' என்று சொல்லித்தந்தார்கள். சுண்ணாம்புப் பால் என்று அர்த்தம். வீட்டில் என் பாட்டியும் அதைச் சுண்ணாம்புப் பால் என்றுதான் சொல்வார். இரண்டு தேசத்தாருக்கும் ஒரே உவமை தோன்றியிருக்கிறது. ஆங்கிலேயர்கள் உவமைக்குப் போகாமல் சொல்லையே எடுத்துக்கொண்டார்கள். 'சுனாம்' என்று அவர்களுடைய பழைய ஆவணங்களில் வருவது நம் சுண்ணாம்புதான்.

18-ஆம் நூற்றாண்டில் சென்னைக்கு வந்த ஐரோப்பியப் பயணிகள் இங்குள்ள வீட்டுச் சுவர்களைப் பார்த்துப் பளிங்கு என்று நினைத்து ஏமாந்திருக்கிறார்கள். அது கிளிஞ்சல் சுண்ணாம்புப் பூச்சு. கிளிஞ்சலைச் சுட்டு, நீற்றி, அம்மியில் மை போல அரைத்து, பல பூச்சுகளாகப் பூசி, வழவழப்பான கல்லால் தேய்த்துத் தேய்த்து மெருகேற்றுவார்கள். செட்டிநாட்டு வீடுகளில் முட்டை வெள்ளைக்கரு சேர்த்த பூச்சை இன்றும் பார்க்கலாம். கட்டுமானச் சாந்தில் கடுக்காய், வெல்லம் ஊறிய தண்ணீரைச் சேர்ப்பதும் நம் பக்கத்து வழக்கம்.

இதில் உள்ள ரசாயனம் எளிது, அழகும் கூட. சுண்ணாம்புக் கல்லையோ கிளிஞ்சலையோ ஏறக்குறைய 900 டிகிரி சூட்டில் சுட்டால் அதிலுள்ள கரியமில வாயு வெளியேறிவிடும். மிஞ்சுவது சுட்ட சுண்ணாம்பு. அதில் தண்ணீர் ஊற்றினால் கொதித்து நீறும். அந்த நீற்றுச் சுண்ணாம்பைச் சுவரில் பூசினால், காற்றிலிருந்து கரியமில வாயுவை மெல்ல மெல்லத் திரும்ப வாங்கிக்கொண்டு மறுபடியும் கல்லாகிவிடும். அதாவது வெள்ளையடித்த சுவரின் மேல் ஒட்டியிருப்பது சாயம் அல்ல, மெல்லிய கல் தகடு. நுண்துளைகள் உள்ள கல். அதனால்தான் சுவருக்குள் இருக்கும் ஈரம் அதன் வழியாக வெளியே போக முடிகிறது. பூஞ்சையும் பூச்சியும் அண்டாத காரத்தன்மை வேறு. காலரா, அம்மை என்று ஊரில் நோய் பரவிய காலங்களில் வீட்டுக்கு வீடு சுண்ணாம்பு அடிக்கச் சொன்னதற்குக் காரணம் அதுதான்.

எங்கள் ஊருக்கும் சுண்ணாம்புக்கும் தனிக் கணக்கு உண்டு. 1761-இல் ஆங்கிலேயர்கள் புதுச்சேரியைப் பிடித்து, கோட்டையையும் நகரத்தையும் தரைமட்டம் ஆக்கினார்கள். 1763-இல் பாரிஸ் உடன்படிக்கை வந்து, 1765 முதல் லா தெ லொரிஸ்தோன் ஆட்சியில் நகரம் மறுபடி எழுந்தது. செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்துமாக எழுந்தது. வெள்ளை நகரம் என்று சொன்ன பகுதியில் உள்ள உயர்ந்த மதில் வீடுகளானாலும் சரி, கால்வாய்க்கு மேற்கே திண்ணையும் தாழ்வாரமும் வைத்த தமிழ் வீடுகளானாலும் சரி, சுவருக்குள் இருப்பது ஒரே சாந்துதான். மேலே பூசும் நிறம்தான் வேறு. சுண்ணாம்புப் பாலில் மஞ்சள் காவி கலந்தால் இன்று சுற்றுலாக்காரர்கள் நின்று படம் எடுக்கும் அந்த மஞ்சள். ஒன்றும் கலக்காமல் துளி நீலம் மட்டும் போட்டால் கண்ணைப் பறிக்கும் வெள்ளை. சிவப்புக் காவியில் பட்டை இழுத்தால் நம் தெருத் திண்ணை.

வெள்ளைக்குள் இருந்த விஷம்

சுவருக்குச் சுண்ணாம்பு சரி. கதவு, ஜன்னல், மர உத்தரம் இவற்றுக்குச் சுண்ணாம்பு பிடிக்காது. அவற்றுக்கு எண்ணெய்ப் பெயிண்ட் வேண்டும். ஐரோப்பாவில் நூற்றாண்டுக் கணக்கில் எண்ணெய்ப் பெயிண்டின் உயிர் ஈய வெள்ளை. பிரெஞ்சில் 'செருஸ்' என்பார்கள்.

அதைச் செய்த விதத்தைப் படித்தால் ஆச்சரியமாக இருக்கும். ஈயத் தகட்டைச் சுருட்டி, காடி ஊற்றிய மண் பானைக்குள் வைத்து, பானைகளை அடுக்கடுக்காகச் சாணக் குவியலுக்குள் புதைத்துவிடுவார்கள். சாணத்தின் சூடும், காடியின் ஆவியும், குவியலில் எழும் கரியமில வாயுவும் சேர்ந்து இரண்டு மூன்று மாதத்தில் ஈயத்தை வெள்ளைச் செதிலாக்கிவிடும். அதை இடித்துப் பொடியாக்கி, ஆளி விதை எண்ணெயில் குழைத்தால் பெயிண்ட். ஒரே பூச்சில் அடியில் உள்ளதை மறைக்கும், சீக்கிரம் காயும், மழை வெயிலைத் தாங்கும். பெயிண்டர்களுக்கு அதைவிட வசதியான பொருள் கிடையாது.

அந்தப் பொடியைச் சுவாசித்தவர்களுக்கு என்ன ஆனது? பாரிஸில் லா ஷாரித்தே என்ற ஆஸ்பத்திரியில் வயிற்றைப் பிடுங்கும் வலியோடு பெயிண்டர்கள் வரிசையாக வந்து சேர்ந்தார்கள். மலச்சிக்கல், ஈறு ஓரத்தில் நீலக்கோடு, பிறகு மணிக்கட்டு தொங்கிப்போதல், கடைசியில் வலிப்பு. தான்க்ரெல் தெ பிளான்ஷ் என்ற மருத்துவர் அந்த நோயாளிகளை வருஷக்கணக்கில் கவனித்து 1839-இல் ஈய நோய்களைப் பற்றிப் பெரிய நூல் ஒன்றை வெளியிட்டார். அதற்கு முன்பே அந்த வலிக்குப் பேச்சு வழக்கில் ஒரு பெயர் இருந்தது. 'கொலிக் தே பேந்த்ர்'. பெயிண்டர்களின் வயிற்று வலி.

இந்தப் பெயரை நான் எங்கள் தெருவில் இருக்கும் மேஸ்திரியிடம் சொன்னேன். அவருக்கு என்னைவிட இரண்டு வயது அதிகம். பதினாலு வயதில் தாய்மாமனோடு வாளி தூக்கப் போனவர். புதுச்சேரியில் அவர் ஏறாத மாடி இல்லை. இப்போது வேலைக்குப் போவதில்லை. மாலையில் என் வீட்டுத் திண்ணைக்கு வருவார். நான் வைத்திருக்கும் பாதிக் கேள்விகளுக்கு அவரிடம் பதில் இருக்கும்.

"பழைய கதவைச் சுரண்டற அன்னிக்கெல்லாம் ராத்திரி வயித்த முறுக்கும் சார். வெல்லமும் வாழப்பழமும் சாப்பிட்டாச் சரியாயிடும்னு மாமா சொல்லும். மாமாவுக்குக் கடைசில கை மணிக்கட்டோட தொங்கிப் போச்சு. டீ கிளாஸைப் பிடிக்க முடியாது. வயசாயிடுச்சுன்னு நெனச்சோம். அதுக்கு அப்போ அம்பத்திரண்டு."

நான் புத்தகத்தில் படித்ததைத் தமிழில் சொன்னேன். ஈறு, வயிறு, மணிக்கட்டு எல்லாவற்றையும். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு கேட்டார்: "இதுக்குப் பேரே வெச்சிருக்கான்னா, அவனுக்குத் தெரிஞ்சிருக்கு இல்ல சார்? எங்களுக்கு ஏன் யாரும் சொல்லலே?"

மாமாவுக்கு வந்தது ஈயத்தால்தான் என்று இன்று யாரும் உறுதியாகச் சொல்ல முடியாது. ரத்தப் பரிசோதனை எதுவும் அன்று நடக்கவில்லை. ஆனால் மேஸ்திரியின் கேள்விக்கு அந்தப் பரிசோதனை தேவையில்லை. தெரிந்திருந்தது என்பது உண்மை. எவ்வளவு காலமாகத் தெரிந்திருந்தது, தெரிந்த பிறகு என்ன செய்தார்கள் என்பதுதான் வரலாறு.

பெயிண்டர் ஒருவர் முதலாளி ஆனபோது

இங்கே ஒரு மனிதரைப் பற்றிச் சொல்ல வேண்டும். எத்ம் ழான் லெக்லேர். 1801-இல் பிரான்சின் யோன் பகுதியில் ஒரு கிராமத்தில் செருப்புத் தைப்பவரின் மகனாகப் பிறந்தார். பத்து வயதில் பள்ளியை விட்டு மாடு மேய்த்தார், கொத்து வேலைக்குப் போனார். பதினேழு வயதில் பாரிஸ் வந்து ஒரு பெயிண்டரிடம் எடுபிடியாகச் சேர்ந்தார். 1827-இல் சொந்தமாகத் தொழில் தொடங்கினார். சொன்ன நாளில் வேலை முடியும், வேலை சுத்தமாக இருக்கும் என்று பெயர் வாங்கினார்.

அவர் இரண்டு காரியம் செய்தார். முதலாவது, லாபத்தில் தொழிலாளிக்குப் பங்கு. 1842-இல் இதை அறிவித்தபோது யாரும் நம்பவில்லை. கூலியைக் குறைக்க முதலாளி செய்யும் தந்திரம் என்றார்கள். ஆட்சியாளர்களோ கலகம் பண்ணுகிறார் என்று சந்தேகப்பட்டார்கள். அடுத்த வருஷம் கணக்கு முடித்து, நாணயப் பை ஒன்றைத் தொழிலாளிகள் முன்னால் மேஜைமேல் கொட்டி 44 பேருக்குப் பிரித்துக் கொடுத்தார். அதற்கு மேல் வாதம் தேவைப்படவில்லை. ஜான் ஸ்டூவர்ட் மில் தன்னுடைய பொருளாதார நூலில் இவரைக் குறிப்பிட்டு எழுதியிருக்கிறார்.

இரண்டாவது காரியம் துத்தநாக வெள்ளை. ஈயத்துக்குப் பதிலாகத் துத்தநாகத்தைப் பயன்படுத்தலாம் என்பது 1780-களிலேயே கிட்டோன் தெ மோர்வோ என்ற ரசாயன அறிஞர் சொன்ன யோசனை. ஆனால் விலை அதிகம், எண்ணெயில் குழைத்தால் லேசில் காயாது. லெக்லேர் தன் ஆட்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்காருவதைப் பார்த்துப் பார்த்து, விடாமல் சோதனை செய்தார். மாங்கனீசு சேர்த்துக் காய்ச்சிய எண்ணெயில் குழைத்தால் துத்தநாக வெள்ளை விரைவாகக் காயும் என்று கண்டு, 1840-களில் அதைத் தொழிலாகவே நடத்திக் காட்டினார். 1849-இல் அரசுக் கட்டடங்களுக்கு இனித் துத்தநாக வெள்ளையே பூச வேண்டும் என்று பிரான்சின் பொதுப்பணி அமைச்சகம் உத்தரவிட்டது. லெக்லேருக்கு லெஜியோன் தோனர் விருதும் கிடைத்தது.

பிரச்சினை தீர்ந்தது என்றுதானே நினைப்போம்? கோப்புகளோடு வாழ்ந்தவன் என்பதால் நான் அப்படி நினைக்கவில்லை. தேதிகளை மட்டும் வரிசையாகப் பாருங்கள்.

1839: மருத்துவர் நூல் எழுதுகிறார்.
1849: அமைச்சகம் உத்தரவிடுகிறது.
1909: ஈய வெள்ளைக்குத் தடைச் சட்டம் நிறைவேறுகிறது.
1915: அந்தச் சட்டத்தின் தடை நடைமுறைக்கு வருகிறது.
1921: சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு ஜெனீவாவில் ஈய வெள்ளை பற்றிய உடன்படிக்கையை ஏற்கிறது.

உத்தரவுக்கும் சட்டத்துக்கும் நடுவில் 60 வருஷம். ஈய வெள்ளை ஆலைக்காரர்கள் ஒருபுறம் எதிர்த்தார்கள். மலிவாகவும் வேகமாகவும் வேலை முடிய வேண்டும் என்ற காண்டிராக்டர்கள் இன்னொரு புறம். துத்தநாகம் ஒரு பூச்சு கூடுதலாகக் கேட்கும், ஒரு பூச்சு என்றால் ஒரு நாள் கூலி. அந்த ஒரு நாள் கூலிக்கு எதிர்த் தட்டில் பெயிண்டர்களின் மணிக்கட்டு வைக்கப்பட்டிருந்தது. பெயிண்டர் சங்கங்கள் பல வருஷம் போராடிய பிறகுதான் தராசு மறுபக்கம் சாய்ந்தது.

சட்டம் வந்த பிறகும் பழைய பெயிண்ட் சுவரை விட்டு எங்கும் போய்விடவில்லை. எங்கள் ஊரில் 'சொல்தா' குடும்பங்கள் நிறைய. பிரெஞ்சுப் படையில் இருந்தவர்களின் பிள்ளைகள் இன்று பாரிஸைச் சுற்றி வாழ்கிறார்கள். அப்படி ஒரு உறவுக்காரப் பையன் பழைய அடுக்கு வீடு ஒன்று வாங்கும்போது பத்திரத்தோடு வந்த தடித்த அறிக்கையை எனக்கு அனுப்பினான். 1949-க்கு முன் கட்டிய குடியிருப்பு என்றால், விற்பவர் ஈயப் பரிசோதனை அறிக்கை கொடுத்தாக வேண்டும் என்பது அங்கே சட்டம். ஒரு கருவியை ஒவ்வொரு கதவிலும் ஜன்னலிலும் வைத்து, சதுர சென்டிமீட்டருக்கு எத்தனை மில்லிகிராம் ஈயம் என்று அறை அறையாக அட்டவணை போட்டிருந்தார்கள். 1 மில்லிகிராம் எட்டினாலே அது குறிக்கப்படும். தாத்தா காலத்துப் பெயிண்டுக்குப் பேரன் காலத்தில் கணக்கு எழுதுகிறார்கள்.

நம் பக்கம் நடந்தது

நம் ஊரில் எண்ணெய்ப் பெயிண்ட் என்பது பணக்கார வீட்டுக் கதவுக்கும் அரசுக் கட்டடத்துக்கும் மட்டுமே என்று வெகுகாலம் இருந்தது. மற்றவர்களுக்குப் பொங்கலுக்குப் பொங்கல் சுண்ணாம்பு. கோப்புகளில் 'ஒயிட் வாஷ்', 'கலர் வாஷ்' என்று மதிப்பீடு வரும். பிறகு டிஸ்டெம்பர் வந்தது. சாய்ந்து உட்கார்ந்தால் சட்டையில் ஒட்டிக்கொள்ளும் சரக்கு அது. 1990-களுக்குப் பிறகு எமல்ஷன் என்னும் பிளாஸ்டிக் பெயிண்ட் வீட்டுக்கு வீடு வந்துவிட்டது. துடைத்தால் சுத்தமாகும், கையில் ஒட்டாது. வெள்ளை நிறத்துக்கு இப்போது டைட்டானியம். ஈய வெள்ளை ஒழிந்துவிட்டது.

ஆனால் ஈயம் ஒழியவில்லை. எனாமல் பெயிண்டில், குறிப்பாகப் பளிச்சென்ற மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு நிறங்களில், நிறத்துக்காகவும் சீக்கிரம் காய்வதற்காகவும் ஈயச் சேர்மங்களைச் சேர்த்து வந்தார்கள். இரும்புக் கம்பிக்கு அடிப்பூச்சாகச் சிவப்பு ஈயமும் இருந்தது. வீட்டு, அலங்காரப் பெயிண்டுகளில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக்கூடாது என்ற விதி நம் நாட்டில் 2016-இல் அறிவிக்கப்பட்டு, 2017 நவம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. தான்க்ரெல் நூல் எழுதி 178 வருஷம் கழித்து.

ஆகவே 2017-க்கு முன் எனாமல் அடித்த கதவு, ஜன்னல், கிரில் எதிலும் ஈயம் இருக்கக்கூடும். அது சுவரோடு சும்மா இருக்கும் வரை பெரிய தொந்தரவில்லை. பொரிந்து உதிரும்போதும், புதுப் பெயிண்ட் அடிப்பதற்காக நாம் உப்புத்தாள் போட்டுத் தேய்க்கும்போதும்தான் தூசியாகக் கிளம்பும். பெரியவர்களை விடச் சின்னக் குழந்தைகளின் மூளைக்கு அது கேடு. இவ்வளவு வரை பரவாயில்லை என்று சொல்லக்கூடிய பாதுகாப்பான அளவு எதுவும் தெரியவில்லை என்று உலகச் சுகாதார அமைப்பு சொல்கிறது. ஈயப் பெயிண்ட் லேசாகத் தித்திக்கும் என்பதால் குழந்தைகள் செதிலை வாயில் போட்டுக்கொள்வதும் உண்டு. மேஸ்திரியும் சொல்கிறார்: "கதவு தூசி நாக்குல பட்டா இனிக்கும் சார். நாங்க அதைப் பெருசா நெனைக்கலே."

என் வீட்டுக் கதவுகள் 1960-களில் இருந்து பூச்சின்மேல் பூச்சாக ஏழெட்டு அடுக்கு சுமப்பவை. இந்தப் பொங்கலுக்குள் பெயிண்ட் அடித்தாக வேண்டும் என்று மகன் சொல்கிறான். அவன் குழந்தைக்கு ஒன்றரை வயது, கையில் கிடைப்பதையெல்லாம் வாயில் வைக்கும் பருவம். அதனால் மேஸ்திரியைக் கூப்பிட்டு உட்காரவைத்து, அவர் சொல்லச் சொல்லக் குறித்துக்கொண்டேன். நான் படித்ததையும் சில இடங்களில் சேர்த்திருக்கிறேன்.

மேஸ்திரியின் யோசனைகள்

1. பழைய எனாமலை உலர்ந்தபடி தேய்க்காதீர்கள். தண்ணீர் தெளித்து, ஈர உப்புத்தாளால் தேய்க்க வேண்டும். தீ விளக்கு வைத்துப் பெயிண்டைப் பொசுக்கி எடுக்கும் பழைய முறை வேண்டவே வேண்டாம், அந்தப் புகையில் ஈயம் இருக்கும். கீழே பிளாஸ்டிக் தாள் விரித்து, விழுந்ததைச் சுருட்டிக் கட்டிவிட வேண்டும். துடைப்பத்தால் பெருக்காமல் ஈரத்துணியால் துடைக்க வேண்டும்.

2. அந்த நாட்களில் குழந்தைகளும் கர்ப்பிணிகளும் வீட்டில் இருக்க வேண்டாம். வேலை செய்பவர்கள் முகக் கவசம் போட்டு, கை கழுவிவிட்டே டீ குடிக்க வேண்டும், பீடி பற்றவைக்க வேண்டும். வேலைத் துணியைக் குழந்தைத் துணியோடு துவைக்கக் கூடாது. "பெயிண்டருக்கு ஒரு சோப்பும் ஒரு வாளித் தண்ணியும் வையுங்க சார். அதுக்கு மேல மரியாதை வேணாம்" என்றார்.

3. பழைய பெயிண்ட் உறுதியாக ஒட்டியிருந்தால் முழுவதும் சுரண்ட வேண்டிய அவசியமே இல்லை. பொரிந்த இடத்தை மட்டும் ஈரமாகத் தேய்த்து, பிரைமர் அடித்து, மேலே புதிது பூசி மூடிவிடலாம்.

4. டப்பாவில் ஈய அளவு பற்றிய வாசகம் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். அந்த விதி வீட்டுப் பெயிண்டுக்கு மட்டும். தொழிற்சாலைக்கான பெயிண்ட் மலிவாகக் கிடைத்தது என்று வீட்டுக் கிரில்லுக்கு அடிக்க வேண்டாம்.

5. சுவரில் ஓதம் இருந்தால் முதலில் பெயிண்ட் கடைக்குப் போகாதீர்கள். தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். மாடித் தண்ணீர் வடிகிற வாய், உடைந்த குழாய், சுவரை ஒட்டிக் குவித்த மண், இந்த மூன்றில் ஒன்றாகத்தான் பெரும்பாலும் இருக்கும். அதைச் சரிசெய்து, சுவரை ஒரு கோடை காயவிட்ட பிறகே பூச்சு.

6. செங்கல், சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய பழைய சுவருக்கு பிளாஸ்டிக் பெயிண்ட் ஆகாது. "செவுத்துக்கும் மூச்சு உண்டு சார். வாயைக் கட்டினா உள்ளேயே வேர்க்கும்." உள்ளே சிக்கிய ஈரம் உப்பாகப் பூத்துப் பெயிண்டைத் தோல் தோலாக உரித்துவிடும். அப்படிச் சுவருக்குச் சுண்ணாம்புதான் இன்றும் நல்லது. ஏற்கெனவே பிளாஸ்டிக் பெயிண்ட் அடித்திருந்தால் அதை எடுத்த பிறகுதான் சுண்ணாம்பு பிடிக்கும்.

7. சுண்ணாம்பை முன்கூட்டியே நீற்றி, தண்ணீருக்குள் ஊறவிடுங்கள். எத்தனை நாள் ஊறுகிறதோ அவ்வளவு குழைவு. பழைய வேட்டித் துணியில் வடிகட்டுங்கள். நீற்றும்போது கொதித்துத் தெறிக்கும். கண்ணில் பட்டால் பார்வையே போகும். கண்ணாடி கட்டாயம், குழந்தைகள் பக்கத்தில் வரக்கூடாது. கைக்குத் தேங்காய் எண்ணெய் தடவிக்கொள்ளலாம்.

8. அடிப்பதற்கு முன் சுவரைத் தண்ணீர் தெளித்து நனைக்க வேண்டும். பால் பதத்தில் மெல்லிசாக மூன்று பூச்சு. முதல் பூச்சு மேலும் கீழுமாக, அடுத்தது குறுக்காக. ஒரே பூச்சில் தடிமனாக அடித்தால் வெடித்து உதிரும். அந்தக் காலத்தில் தாழை விழுதை நசுக்கிய மட்டையால் அடித்தார்கள், இன்று நார் பிரஷ் போதும்.

9. நிறம் வேண்டுமானால் காவி மண் வகைகளே சுண்ணாம்பின் காரத்தைத் தாங்கும். சுண்ணாம்பு எடையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் சேர்த்தால் கையில் ஒட்டும். ஈரத்தில் அடர்த்தியாகத் தெரிவது காய்ந்தால் வெளிறிவிடும். ஒரு மூலையில் அடித்து மறுநாள் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

10. மார்கழிக் கடைசிதான் சுண்ணாம்புக்கு ஏற்ற காலம். மழை விட்டிருக்கும், வெயில் ஏறியிருக்காது. சுண்ணாம்பு கல்லாக மாற ஈரமும் நேரமும் வேண்டும். சித்திரை வெயிலில் அடித்தால் கல்லாவதற்கு முன்பே காய்ந்து மாவாகிவிடும். பொங்கலுக்கு வெள்ளையடிக்கும் வழக்கத்தில் இவ்வளவு கணக்கு இருக்கிறது.

இந்தப் பத்தையும் எழுதிப் படித்துக் காட்டியபோது மேஸ்திரி ஒரே ஒரு திருத்தம் சொன்னார். கடைசியில் இருந்த வேலையாட்கள் பற்றிய குறிப்பை மேலே கொண்டுவரச் சொன்னார். அதனால்தான் அது இரண்டாவதாக இருக்கிறது.

அவர் கேட்ட கேள்விக்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. பிரெஞ்சில் இருந்தது, ஆங்கிலத்திலும் இருந்தது, தொழில் செய்தவர்களின் மொழிக்கு வந்து சேரவில்லை. அவருடைய மாமாவுக்கு இனி யாரும் சொல்ல முடியாது. இன்று சாரத்தில் நிற்கும் பையன்களுக்குச் சொல்லலாம். உங்கள் வீட்டில் இந்தப் பொங்கலுக்கு வேலை நடந்தால், கூலி பேசும்போதே முதல் இரண்டு யோசனைகளையும் அவர்களிடம் சொல்லிவிடுங்கள். ஈரமாகத் தேய்ப்பதால் ஒரு நாள் கூடுதலாகும் என்பார்கள். அந்த ஒரு நாள் கூலியைக் கொடுத்துவிடுங்கள்.